பந்தும் பட்டமும் – பகுதி 11: தண்டிக்கும் அதிகாரம் யாரிடம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து வரலாற்றில் வெற்றிகளின் கணக்கு மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டில் எந்த அணி எத்தனை ஆட்டங்களை வென்றது, எந்தப் பயிற்சியாளர் எத்தனை பட்டங்களைப் பெற்றார் என்பதற்கெல்லாம் விரிவான பதிவுகள் உண்டு. அந்த அணிகளில் ஆடிய மாணவர்கள் களத்துக்கு வெளியே பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்ற கணக்கு அதே கவனத்தோடு எழுதப்படவில்லை. பல ஆண்டுகள் ஒரே பல்கலைக்கழகத்தில் பதவி வகித்த மூத்த பயிற்சியாளர்களிடம், அணியின் ஒழுக்கத்துக்காக அவர்களை நியமித்தவர்கள் எப்போதாவது கணக்குக் கேட்டார்களா என்ற கேள்வியை 1951 முதல் 2021 வரையிலான எழுபது ஆண்டுகளின் ஊடாக இப்பகுதி ஆராய்கிறது.

அதிகாரம் திரண்ட வழி

இங்கே கால்பந்து என்று குறிப்பிடப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரணியினரை உடலால் மோதித் தடுத்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவர்கள் தாங்களே நடத்திக்கொண்ட பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த ஆட்டம், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள் பெரும் அரங்குகளையும் நுழைவுக் கட்டண வருமானத்தையும் கண்டு, மாணவர் கையிலிருந்து ஊதியம் பெறும் தலைமைப் பயிற்சியாளரின் கைக்கு மாறியது. கார்னகி அறக்கட்டளைக்காக ஹோவர்ட் சாவேஜ் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 1929 அக்டோபரில் வெளிவந்தபோது, விளையாட்டுக்காக மாணவர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருப்பதை அது எடுத்துக்காட்டியதோடு, இந்த நிலையைத் திருத்தும் கடமை கல்லூரித் தலைவர்களையே முதன்மையாகச் சார்ந்தது என்றும் வலியுறுத்தியது. அந்த அறிவுரை பரவலாக விவாதிக்கப்பட்டதே தவிர, செயலில் அதற்குக் கிடைத்த மதிப்பு மிகக் குறைவு.

மாணவரின் அன்றாட வாழ்வில் பயிற்சியாளர் எந்த அளவுக்கு அதிகாரம் பெற்றிருந்தார் என்பதை இரண்டு ஏற்பாடுகள் காட்டும். கால்பந்து வீரர்களுக்கென்றே கட்டப்பட்ட தனி விடுதிகள் முதலாவது. மற்ற மாணவர்களோடு கலவாமல், தனி உணவுக்கூடத்தில் உண்டு, பயிற்சியாளரின் மேற்பார்வையில் அவர்கள் வாழ்ந்தார்கள். இத்தகைய விடுதிகள் 1996இல்தான் விதிப்படி முடிவுக்கு வந்தன. இரண்டாவது, கல்வி உதவித்தொகை. கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., விளையாட்டு உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று 1973இல் முடிவு செய்தது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பது நடைமுறையில் பயிற்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. பல ஆண்டுகளுக்கான உதவித்தொகையை மீண்டும் அனுமதிக்க 2012 வரை ஆயிற்று. தங்குமிடம், உணவு, படிப்புச் செலவு, களத்தில் இடம் ஆகிய நான்கும் ஒரே மனிதரின் கையில் குவிந்திருந்த நிலையில், அந்த மாணவரைத் தண்டிக்கும் உரிமையும் தமக்கே உரியது என்று பயிற்சியாளர்கள் கருதியதும், பல்கலைக்கழகங்கள் அதற்கு இணங்கியதும் வியப்புக்குரியவை அல்ல.

வெஸ்ட் பாயிண்ட், 1951

இந்தப் போக்குக்கு மாறான ஒரு நிகழ்வு, நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்டில் உள்ள அமெரிக்க இராணுவப் பயிற்சிக் கழகத்தில் நடந்தது. பொய் சொல்வது, ஏமாற்றுவது, திருடுவது ஆகிய மூன்றும் அங்கே மாண்பு விதியால் தடுக்கப்பட்டிருந்தன. பிறர் அவற்றைச் செய்வதை அறிந்தும் வாய்திறக்காமல் இருப்பதும் குற்றமே. தேர்வு வினாக்கள் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு முன்கூட்டியே கடத்தப்பட்டது 1951இல் தெரியவந்தபோது, 90 பயிற்சி மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் 37 பேர் கால்பந்து அணியினர், அவர்களுள் ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஏர்ல் பிளெய்க்கின் சொந்த மகன். நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாக விளங்கிய இராணுவ அணி, அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது.

பிளெய்க் தம் மாணவர்களுக்காகப் பொதுவெளியில் வாதாடினார். தண்டனை மிகக் கடுமையானது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. பதவி விலக எண்ணியவர், பின்னர் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, 1958 வரை பணியாற்றி, இறுதிப் பருவத்தில் தோல்வியே காணாத அணியை உருவாக்கிவிட்டு ஓய்வு பெற்றார். தண்டனையின் அளவைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் இருக்க முடியும். ஆயினும் முடிவெடுத்தவர் பயிற்சியாளர் அல்லர், நிறுவனம் என்பதும், அந்த முடிவு அணியின் எதிர்காலத்தைக் கருதி மாற்றப்படவில்லை என்பதும், பின்வரும் நிகழ்வுகளோடு ஒப்பிடும்போது தனித்துத் தெரியும் உண்மைகள். நிறுவனத்துக்கு ஆட்டத்தைவிட முதன்மையான ஒரு நோக்கம் இருந்த இடத்தில், அந்த நோக்கத்தின் சார்பில் பேச ஆட்களும் இருந்தார்கள்.

பயிற்சியாளரின் சட்டம்

மற்றப் பல்கலைக்கழகங்களில் ஒழுக்கம் என்பது பயிற்சியாளரின் சொல்லுக்குக் கீழ்ப்படிதல் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்பட்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் பொறுப்பை 1954இல் ஏற்ற பால் பிரயண்ட், தம் வீரர்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்று, கடும் வெப்பத்திலும் வறட்சியிலும் பத்து நாள் முகாம் நடத்தினார்; சென்றவர்களில் பெரும்பகுதியினர் இடையிலேயே விலகிவிட்டனர். அவரே அலபாமா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1963 பருவத்தின் முடிவில், அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தைப் பயிற்சிக் கால விதிகளை மீறியதற்காக இடைநீக்கம் செய்தார். நேமத் இல்லாமலே அலபாமா 1964 புத்தாண்டு நாளில் சுகர் கிண்ண ஆட்டத்தை வென்றது. கிண்ண ஆட்டம் என்பது பருவ முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் சிறப்பு ஆட்டம். மிகச் சிறந்த வீரனையும் விலக்கிவைக்கத் துணிந்த பிரயண்டின் செயல் நேர்மையான ஒழுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் பேசப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விதி பயிற்சியாளருடையது, விசாரணை பயிற்சியாளருடையது, தண்டனையும் பயிற்சியாளருடையது. அவர் வேறு முடிவை எடுத்திருந்தால் அதைக் கேள்விக்கு உட்படுத்த யாருக்கும் வழி இருந்திருக்காது.

இந்த அதிகாரத்தின் இருண்ட பக்கம் 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது. அவ்வாரம் வயோமிங் எதிர்கொள்ளவிருந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை நடத்திய மார்மன் திருச்சபை, கறுப்பினத்தவருக்குக் குருத்துவத்தை மறுத்துவந்தது. அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் வகையில் கையில் கறுப்புப் பட்டை அணிவது குறித்துப் பேச, வயோமிங் அணியின் 14 கறுப்பின வீரர்கள், ஆட்டத்துக்கு முந்தைய நாளில், பட்டை அணிந்தவாறே தங்கள் பயிற்சியாளர் லாயிட் ஈட்டனைக் காணச் சென்றார்கள். அணியினர் போராட்டங்களில் பங்கேற்கக் கூடாது என்று தாம் வகுத்திருந்த விதியைக் காட்டி, ஈட்டன் அந்த 14 பேரையும் அப்போதே அணியிலிருந்து நீக்கினார். அவர்கள் யாரையும் தாக்கவில்லை, எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பேச வந்தவர்களின் பேச்சுக்கூட முழுமையாகக் கேட்கப்படவில்லை. பல்கலைக்கழகமும் மாநில ஆளுநரும் பயிற்சியாளர் பக்கம் நின்றார்கள். வீரர்கள் தொடுத்த வழக்கும் தோற்றது.

நீக்கத்துக்கு முன் நான்கு ஆட்டங்களையும் வென்றிருந்த வயோமிங், பருவத்தின் இறுதி நான்கு ஆட்டங்களில் தோற்றது. 1970இல் பத்து ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றது. அதன் பின்னரே ஈட்டன் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். பதினான்கு மாணவர்களின் வாழ்க்கையைக் குலைத்த முடிவு அவரது பதவியை அசைக்கவில்லை, ஒன்பது தோல்விகள் அசைத்தன. பல்கலைக்கழகம் அந்த வீரர்களிடம் முறையாக மன்னிப்புக் கேட்டது 2019இல், அதாவது அரை நூற்றாண்டு கழித்து. ஒழுக்கத்தைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுவதால் நேரும் கேடு தளர்ச்சி மட்டுமன்று, கொடுமையும்தான் என்பதற்கு வயோமிங்கைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஹேய்ஸும் ஸ்விட்சரும்

பயிற்சியாளரின் சொந்த நடத்தையே கேள்விக்குள்ளான நிகழ்வு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வூடி ஹேய்ஸுடையது. அவர் 1951 முதல் 1978 வரை 28 பருவங்களில் 205 ஆட்டங்களை வென்றவர். அவருடைய சினம் ஊரறிந்தது; 1971இல் மிச்சிகன் ஆட்டத்தில் எல்லைக் குறிகளைப் பிய்த்தெறிந்ததும், 1973 ரோஸ் கிண்ண ஆட்டத்துக்கு முன் ஒரு புகைப்படக்காரரின் முகத்தில் அவரது கேமராவையே தள்ளி இடித்ததும், 1977இல் தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் ஒருவரைத் தாக்கியதும் பதிவான நிகழ்வுகள். கடைசியாகக் குறிப்பிட்டதற்காக, ஓஹையோ அங்கம் வகிக்கும் பிக் டென் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு அவரை எச்சரித்துக் கண்காணிப்பில் வைத்தது. பல்கலைக்கழகமோ அவரைப் பதவியில் தொடரவிட்டது. 1978 டிசம்பர் 29 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்த கேட்டர் கிண்ண ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், ஓஹையோ எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்த கிளெம்சன் வீரரை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மக்கள் அனைவரின் கண்முன்னே ஹேய்ஸ் குத்தினார். மறுநாள் அவர் பதவி நீக்கப்பட்டார்; அந்த முடிவை அறிவித்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஹியூ ஹிண்ட்மன், ஒரு காலத்தில் ஹேய்ஸிடமே ஆடியவர், அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர். தனிப்பட்ட கடப்பாட்டைத் தாண்டி எடுக்கப்பட்ட அந்த முடிவு பாராட்டுக்குரியது. ஆனால் ஏழாண்டுகளாகத் திரண்டுவந்த எச்சரிக்கைகளுக்குப் பிறகே, அதுவும் யாரும் மறுக்க முடியாத காட்சியாக அது ஒளிபரப்பான பிறகே, அந்த முடிவு வந்தது என்பதையும் வரலாறு சேர்த்தே பதிய வேண்டும்.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 1973 முதல் 1988 வரை 16 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பாரி ஸ்விட்சர், மூன்று தேசியப் பட்டங்களையும் 157 வெற்றிகளையும் பெற்றவர். 1988 டிசம்பரில் என்.சி.ஏ.ஏ. ஆள்சேர்ப்பு முறைகேடுகளுக்காக அந்த அணியை மூன்றாண்டுக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், வீரர்களின் விடுதியில் ஒரு வீரர் மற்றொருவரைச் சுட்டுக் காயப்படுத்தியதும், அதே விடுதியில் ஒரு பெண் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதும், குவார்ட்டர்பேக் ஒருவர் மாறுவேடத்தில் வந்த அதிகாரியிடம் கொக்கெயின் விற்றதற்காகக் கைதானதும் அடுத்தடுத்து வெளிவந்தன. ஸ்விட்சர் 1989 ஜூன் மாதத்தில் பதவி விலகினார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவை காவல்துறையின் கைதுகளும் நாடெங்கும் பரவிய பத்திரிகைச் செய்திகளும். பல்கலைக்கழகம் தானாக மேற்கொண்ட எந்த விசாரணையும் அவற்றுக்கு முந்தியதாக இல்லை. காலப்போக்கில் அவருடைய சிலை பல்கலைக்கழகத்தின் அரங்கருகே நிறுவப்பட்டது. ஓஹையோவில் ஒரு சாலையும் ஒரு பயிற்சிக் கட்டடமும் ஹேய்ஸின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தண்டனை மறக்கப்பட்டு வெற்றி நினைக்கப்படுவது, இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்வதாகும்.

நெப்ராஸ்கா, 1995

பயிற்சியாளர்களின் வாதத்தை அதன் மிக வலுவான வடிவில் காண வேண்டுமானால் நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்போர்னைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து பருவங்களில் 255 வெற்றிகளைப் பெற்ற அவர், அமைதியும் இறைப்பற்றும் மிக்கவர் என்று எதிரணியினராலும் மதிக்கப்பட்டவர். 1995 செப்டம்பரில், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்காக ஆடிய லாரன்ஸ் பிலிப்ஸ், தம்மை விட்டுப் பிரிந்த பெண் ஒருவரைத் தாக்கி, மாடிப்படிகளில் இழுத்துச் சென்றதற்காகக் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வீராங்கனை. குற்றத்தை ஏற்பதாகவும் சொல்லாமல் மறுக்கவும் செய்யாமல் தண்டனையை ஏற்கும் முறையில் பிலிப்ஸ் நீதிமன்றத்தில் பதிலளித்தார். ஆஸ்போர்ன் அவரை ஆறு ஆட்டங்களுக்கு விலக்கிவைத்துவிட்டு, நவம்பரில் மீண்டும் சேர்த்துக்கொண்டார்.

குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தின் அரவணைப்பை இழந்து காப்பகங்களில் வளர்ந்த ஓர் இளைஞனுக்குக் கால்பந்து ஒன்றே வாழ்க்கையை ஒழுங்குபடுத்தும் பிடிப்பு என்பதும், அதையும் பறித்தால் அவன் மேலும் கெடுவான் என்பதும் ஆஸ்போர்ன் முன்வைத்த நியாயம். பிலிப்ஸ் இல்லாத ஆறு ஆட்டங்களையும் நெப்ராஸ்கா வென்றிருந்ததால், வெற்றிக்காகவே அவரைத் திரும்ப அழைத்தார் என்ற குற்றச்சாட்டை ஆஸ்போர்னால் மறுக்கவும் முடிந்தது. அவருடைய இரக்கம் போலியானது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அந்த இரக்கத்தின் கணக்கில் தாக்கப்பட்ட பெண்ணுக்கு எந்த இடம் இருந்தது என்ற கேள்விக்கு அவருடைய நியாயம் விடை தரவில்லை. அவரும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவி. தம்மைத் தாக்கியவர் பல்லாயிரம் பேரின் ஆரவாரத்துக்கு நடுவே மீண்டும் களமிறங்குவதை அதே வளாகத்தில் இருந்து காண வேண்டியவர். 1996 ஜனவரி 2 அன்று ஃபியெஸ்டா கிண்ண ஆட்டத்தில் நெப்ராஸ்கா 62–24 என்ற கணக்கில் புளோரிடாவை வென்று தேசியப் பட்டம் பெற்றபோது, பிலிப்ஸ் 165 கஜம் ஓடினார். ஆஸ்போர்ன் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். பிலிப்ஸ் வேறு தாக்குதல் குற்றங்களுக்காக 30 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்று, 2016 ஜனவரியில், 40ஆம் வயதில் சிறையிலேயே இறந்தார். கால்பந்து அவரைத் திருத்தும் என்ற நம்பிக்கை பொய்த்தது. அவரைத் திருத்தும் பணியை ஒரு கால்பந்துப் பயிற்சியாளரிடம் விட்டதே பிழை என்பதை அந்த முடிவு உணர்த்துகிறது. நல்ல மனிதராகவே இருந்தாலும், தம் அணியின் வீரனையும் அவனால் தீங்குற்றவரையும் ஒரே தராசில் நிறுக்கும் இடத்தில் ஒரு பயிற்சியாளர் இல்லை.

பென் ஸ்டேட்: நாற்பத்தாறு பருவங்கள்

பதவிக் காலம் நீளும்போது ஒரு பயிற்சியாளர் தம்மை நியமித்தவர்களைவிட எவ்வளவு உயர்ந்துவிட முடியும் என்பதை பென் ஸ்டேட் எனப்படும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ பட்டர்னோ காட்டினார். அவர் 1966இல் தலைமைப் பயிற்சியாளரானார். படிப்பையும் ஆட்டத்தையும் ஒருசேர வளர்க்கலாம் என்று நிறுவும் மாபெரும் சோதனையாகத் தம் பணியை வருணித்தார். அவருடைய வீரர்கள் பட்டம் பெற்ற விகிதமும், பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் வழங்கிய நன்கொடைகளும் அந்தச் சொல்லுக்கு வலுச் சேர்த்தன. அணி தொடர்ந்து தோல்வியுற்ற 2004இல், பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் அவர் வீட்டுக்கே சென்று ஓய்வு பெறுமாறு கேட்டபோது அவர் மறுத்தார். மறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறு பருவத்தில் அணி பதினொரு ஆட்டங்களை வென்றது, பேச்சு அடங்கியது.

அக்காலத்தில் மாணவர் நலத்துக்குப் பொறுப்பான பல்கலைக்கழகத் துணைத் தலைவராக இருந்த விக்கி டிரிப்போனி, கால்பந்து வீரர்களும் மற்ற மாணவர்களுக்குரிய அதே ஒழுங்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். வீரர்களைத் தண்டிப்பது பயிற்சியாளரின் பொறுப்பு என்று பட்டர்னோ கருதியதை, 2005இல் டிரிப்போனி எழுதியதும் 2011 நவம்பரில் பத்திரிகையில் வெளிவந்ததுமான மின்னஞ்சல் காட்டுகிறது. 2007 ஏப்ரலில், வளாகத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில் நடந்த அடிதடி தொடர்பாக ஆறு வீரர்கள் மீது குற்றச்சாட்டுகள் பதிவாயின. பின்னர் அவற்றில் பல கைவிடப்பட்டன அல்லது குறைக்கப்பட்டன. பட்டர்னோ விதித்த தண்டனை, அந்தப் பருவத்தில் சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களுக்குப் பின், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த அரங்கை அணியினர் அனைவரும் சேர்ந்து துப்புரவு செய்ய வேண்டும் என்பதாகும். குற்றம் செய்தவரும் செய்யாதவரும் ஒன்றாகச் சுமந்த அந்தத் தண்டனையைப் பலர் புகழ்ந்தார்கள். டிரிப்போனி அதே ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். 2002 முதல் 2008 வரை பென் ஸ்டேட் வீரர்கள் 46 பேர் மீது மொத்தம் 163 குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்ததாக ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி நீதிமன்ற ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டது. அதற்குப் பிறகும் எவருடைய அதிகாரமும் குறையவில்லை.

பட்டர்னோவின் பதவி பறிபோனது, அணியின் ஒழுக்கத்தோடு நேரடித் தொடர்பற்றதும் அதைவிடக் கொடியதுமான ஒரு காரணத்தால். அவருடைய முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாக 2011 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்டார். சாண்டஸ்கியைப் பற்றி 2001இல் தமக்குக் கிடைத்த ஒரு தகவலைப் பட்டர்னோ மேலதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்தார், காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை. நவம்பர் 9 இரவு அறங்காவலர் குழு அவரைத் தொலைபேசி வழியே நீக்கியது. 2012 ஜனவரியில் அவர் காலமானார். சாண்டஸ்கி அதே ஆண்டு ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயி ஃப்ரீ அளித்த அறிக்கை, பட்டர்னோ உட்பட நால்வர் உண்மையை மறைத்ததாக முடிவு கூறியது. பட்டர்னோ குடும்பத்தினர் அதைக் கடுமையாக மறுத்தனர். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், நிர்வாகிகள் கேள்வி கேட்கத் தயங்கிய ஒரு மனிதரைச் சுற்றி நாற்பதாண்டுகளாக வளர்ந்த பழக்கம், குழந்தைகளைக் காக்க வேண்டிய நேரத்தில் பல்கலைக்கழகத்துக்கு உதவவில்லை என்பது உறுதி. என்.சி.ஏ.ஏ. 6 கோடி டாலர் அபராதம் விதித்து, பட்டர்னோவின் 111 வெற்றிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 2015 ஜனவரியில் அவை திருப்பி அளிக்கப்பட்டு, அவருடைய 409 வெற்றிகள் மீண்டும் பதிவாயின.

இதே காலத்தில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாபி பௌடன், 34 பருவங்களுக்குப் பின், 2009இன் முடிவில் ஓய்வுக்குத் தள்ளப்பட்டார். அவர் காலத்தில் வீரர்கள் முகவர்களின் பணத்தில் காலணி வாங்கிய விவகாரமும், இணையவழிப் பாடம் ஒன்றில் பல விளையாட்டுகளைச் சேர்ந்த 61 மாணவர்கள் தேர்வில் ஏமாற்றிய விவகாரமும் எழுந்தன. ஆனால் அவரை வெளியேற்றியது, இறுதி நான்கு பருவங்களில் தொடர்ந்த தோல்விகளே. தேர்வு மோசடிக்காக நீக்கப்பட்ட வெற்றிகளைக் காப்பாற்றப் பல்கலைக்கழகம் மேல்முறையீடு வரை சென்றது.

விதிகளும் நீதிமன்றமும்

என்.சி.ஏ.ஏ.வின் விதிநூலில் தலைமைப் பயிற்சியாளரின் பொறுப்பு பற்றிய பிரிவு படிப்படியாக வலுப்பெற்றே வந்திருக்கிறது. 2013 முதல் துணைப் பயிற்சியாளர்களின் விதிமீறலுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பாளி என்று முன்கூட்டியே கொள்ளப்பட்டது, 2023இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இந்தப் பொறுப்பு ஆள்சேர்ப்பு, பணம், படிப்பு ஆகியவை தொடர்பான சங்க விதிகளுக்கே உரியது. வீரர் ஒருவர் இன்னொரு மனிதருக்கு இழைக்கும் தீங்கு அதன் எல்லைக்குள் வருவதில்லை. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் வீரர்கள் மீதான பாலியல் வன்முறைப் புகார்கள் உரிய முறையில் கையாளப்படவில்லை என்பது 2016இல் வெளியானபோது, பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார், பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் பதவி இழந்தார். ஆயினும் 2021 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ.வின் விதிமீறல் குழு, புகார்களைத் தெரிவிக்கத் தவறியது கண்டனத்துக்குரியது என்று ஒப்புக்கொண்டே, அது சங்கத்தின் விதிகளை மீறியதாகத் தீர்மானிக்க இயலாது என்று முடிவு செய்தது. ஒரு வீரர் பரிசுப் பொருளை விற்றால் தண்டிக்க விதி இருந்தது. பிறரைத் தாக்கினால் அணியைக் கேட்க விதி இருக்கவில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது நீதிமன்றம். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின் கீழ், கொலராடோ பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் முக்கியமான ஒரு தீர்ப்பை அளித்தது. அணியில் சேர அழைக்கப்படும் மாணவர்களின் வருகையின்போது பெண்களுக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தலைமைப் பயிற்சியாளர் அறிந்திருந்தும் அலட்சியம் காட்டினாரா என்பது நடுவர் குழு விசாரிக்க வேண்டிய கேள்வி என்றும், அவ்வாறு நிறுவப்பட்டால் பல்கலைக்கழகமே பொறுப்பாளி ஆகலாம் என்றும் அது கூறியது. அதே ஆண்டில் பல்கலைக்கழகம் 28.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பயிற்சியாளர் கேரி பார்னெட், 2004இல் சில மாதங்கள் இடைநீக்கம் செய்யப்பட்டுத் திரும்ப அமர்த்தப்பட்டவர். 2005 டிசம்பரில், டெக்சாஸ் அணியிடம் 70–3 என்று தோற்ற சில நாள்களில் வெளியேற்றப்பட்டார்.

எழுபது ஆண்டுகளின் தீர்ப்பு

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. மூத்த பயிற்சியாளர்கள் தங்கள் சொல் மீறப்பட்ட இடத்தில் விரைவாகவும் கடுமையாகவும் தண்டித்தார்கள், வெளியார் ஒருவர் தீங்குற்ற இடத்தில் பொறுமையும் இரக்கமும் காட்டினார்கள். கறுப்புப் பட்டைக்கு அன்றே நீக்கம், தாக்குதலுக்கு ஆறு ஆட்டங்கள் என்ற வேறுபாடு இருவேறு பல்கலைக்கழகங்களின் முடிவுகளாயினும் ஒரே மனப்பாங்கின் விளைவு. பல்கலைக்கழகங்கள் பயிற்சியாளரை எடைபோட்டது பெரும்பாலும் வெற்றி தோல்வியைக் கொண்டே. கணக்குக் கேட்கப்பட்ட சில வேளைகளிலும், கேட்டது காவல்துறை, பத்திரிகை, தொலைக்காட்சி, நீதிமன்றம் ஆகிய வெளியாற்றல்களே; அவற்றின் பின்னால்தான் நிர்வாகம் அசைந்தது.

எனவே மூத்த பயிற்சியாளர்கள் அணியின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டார்களா என்ற கேள்விக்கு, வரலாறு தரும் விடை பெரும்பாலும் இல்லை என்பதே. இதற்குத் தனிமனிதர்களின் குணக்கேட்டை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது; ஆஸ்போர்னும் பட்டர்னோவும் தங்கள் மாணவர்களிடம் உண்மையான அக்கறை கொண்டிருந்தவர்கள். வீரன் களமிறங்குவதால் பயன்பெறும் ஒருவரிடமே அவனை விசாரிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தது நிறுவனத்தின் குற்றம். கார்னகி அறிக்கை 1929இல் எங்கே விரல் நீட்டியதோ, பொறுப்பு இன்றும் அங்கேயே இருக்கிறது: விசாரணை மாணவர் நலத் துறையிடமும், குற்றம் காவல்துறையிடமும், பயிற்சியாளரின் நடத்தை பல்கலைக்கழகத் தலைவரிடமும் இருக்க வேண்டும், பயிற்சியாளரின் கையில் ஆட்டத்தைக் கற்பிக்கும் பணி மட்டுமே மிஞ்ச வேண்டும்.

(தொடரும்)